டெலிக்கா முன் வீல் ஆட்டம்: பெடல் சொன்னத ஸ்டேரிங்ல தேடின கதை

வண்டி ஒரு பழைய மிட்சுபிஷி டெலிக்கா வேன், ஃபோர் வீல் டிரைவ் (நாலு வீலும் இழுக்குறது), 2.5 டீசல் எஞ்சின், மூஞ்சி தட்டையா எஞ்சினுக்கு மேலயே டிரைவர் உக்காந்து ஓட்டுற அந்த மொடல். ஓனர் எங்க ஏரியா மாமா ஒருத்தர், முந்தி தோட்டத்து லொறி ஓட்டுனவரு, இப்ப சீசன் நேரத்துல ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா வழியா நல்லதண்ணிக்கு சிவனொளிபாதமலை ஆளுங்கள ஏத்துவாரு, மத்த மாசங்கள்ல நுவரெலியா, கம்பளை, கண்டின்னு ஹயர். டிசம்பர் போயால (பௌர்ணமி) இருந்து மே மாசம் வெசாக் வரைக்கும் அந்த வண்டிக்கு லீவே கெடையாது. வெசாக் முடிஞ்ச மறுவாரம்தான் கொட்டகலைல நம்ம கெரேஜுக்கு கொண்டாந்து விட்டாரு.

"தம்பி, 40க்கு மேல போனா ஸ்டேரிங் கைய உதறுது, ரோட்டு பள்ளத்துல விழுந்தா எடப்பக்கமா இழுக்குது."

நான் செஞ்சது எல்லாரும் செய்றதுதான். அடில படுத்து ஸ்டேரிங்க ஆட்ட சொல்லி பாத்தேன், இடப்பக்க டை ரொட் என்ட்ல (ஸ்டேரிங் திருப்புறத வீலுக்கு கொண்டு போற கம்பியோட நுனி மூட்டு) லேசா ஆட்டம் இருந்துச்சு, இதுதான்னு முடிவு பண்ணி மாத்தி, ஹட்டனுக்கு அனுப்பி அலைன்மென்ட்டும் பாத்துட்டு வர சொன்னேன். டை ரொட் என்ட் பழசுதான், மாத்துனதுல தப்பில்ல, ஆனா வருத்தம் அது இல்ல. பத்து நாள் நல்லா இருந்துச்சுன்னு சொன்ன மாமா பதினோராவது நாள் வந்து நின்னாரு, அதே உதறல். சும்மா இல்ல, மூஞ்சிய பாக்காம வண்டி பக்கம் பாத்துகிட்டே பேசுனாரு, அது கோவத்தவிட மோசம்.

அப்பதான் பேச்சோட பேச்சா ஒன்னு சொன்னாரு. நுவரெலியால இருந்து கம்பளை போற ரோட்ல ரம்பொடை பக்கம் எறங்கி வர்றப்ப வளைவு முடிஞ்ச ஒடனே பிரேக்ல கால் வச்சா மொத மிதி உள்ள போயிருதாம், ரெண்டாவது மிதி கல்லு மாதிரி நிக்குதாம். நேர் ரோட்ல அப்படி இல்லயாம். காத்து புகுந்துருக்குன்னு நெனச்சு வேற எங்கயோ குடுத்து ரெண்டு தடவ பிரேக் காத்து எடுத்துருக்காரு, அப்பவும் அதேதான். "ஏன் மாமா இத மொதல்லயே சொல்லல"ன்னு கேட்டேன், "நீ ஸ்டேரிங்கதானே கேட்ட"ன்னாரு. சரிதான்.

பிரேக்ல காத்து இருந்தா எந்த ரோட்லயும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும், வளைவு பாத்து வராது. வளைவுக்கு பெறகு மட்டும் மொத மிதி தாழ்ந்து போகுதுன்னா அர்த்தம் வேற. வீல் மாட்டுற நடு பாகம்தான் ஹப், அத தாங்கி சுத்த விடுறது ஹப் பேரிங். அது லூசா இருந்தா வளைவுல வண்டி பாரம் வெளிப்பக்கம் சாயுறப்ப வீலும் ஹப்பும் ஒரு பக்கமா சரியும், ஹப்போட சேந்து இருக்குற டிஸ்க்கும் சரியும், சரியுற டிஸ்க் பேட (டிஸ்க்க கவ்வுற பிரேக் கட்டை) தள்ளும், பேட் தன்ன அமுத்துற கெலிப்பர் பிஸ்டன உள்ள தள்ளிரும். வளைவு முடிஞ்சு டிஸ்க் நேராகுறப்ப பேட் தள்ளி நிக்குது, அந்த இடைவெளிய நெரப்பத்தான் மொத மிதி செலவாகுது. ரெண்டாவது மிதில எல்லாம் சரியா இருக்குற மாதிரி தெரியும். மலை ரோட்ல இது வெளையாட்டு இல்ல. 1800 மீட்டருக்கு மேல இருக்குற நுவரெலியால இருந்து கம்பளை வரைக்கும் எறங்குறவனுக்கு ஒவ்வொரு வளைவுலயும் ஒரு மிதி கடன்.

நான் ஓட்டி பாத்தேன், தலவாக்கலை பக்கமா கொஞ்ச தூரம். ஜன்னல எறக்கி விட்டு, ரேடியோ எல்லாம் நிப்பாட்டி. நேரா போறப்ப ஒரு உர்ருன்னு சத்தம், டயர் சத்தம்னு சொன்னா நம்பிருவோம். வலது பக்கம் வளைக்கிறப்ப சத்தம் ஏறுச்சு, இடது பக்கம் வளைக்கிறப்ப கொறஞ்சுச்சு. வலப்பக்கம் திரும்புனா பாரம் இடது வீலுக்குத்தான் போகும், அதனால சந்தேகம் இடது முன் வீல்.

கெரேஜுக்கு வந்து ஜெக் வச்சு தூக்கி, ஸ்டேண்ட் வச்சு (ஜெக்க மட்டும் நம்பி வண்டிக்கு கீழ கைய விடுறவன் எவனா இருந்தாலும் நான் பேச மாட்டேன்), டயர மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனேன். டக் டக்குன்னு கைல தெரிஞ்சுச்சு, டயர் உச்சில 4, 5 மில்லி இருக்கும். பக்கவாட்டுல புடிச்சு ஆட்டுனாலும் அதே அளவு. டை ரொட்டா இருந்தா பக்கவாட்டுல மட்டும்தான் அதிகமா தெரியும், போல் ஜொயின்ட்டா (வீல சஸ்பென்ஷனோட சேக்குற உருண்ட மூட்டு) இருந்தா மேல கீழ ஆட்டத்துல தெரியும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரின்னா பேரிங் மேல கை நீட்டலாம். ஆனா கைய நீட்டிட்டா போதாது, நான் ஏற்கனவே ஒரு தடவ கைய நீட்டி மாட்டுனவன். அதனால நம்ம பையன வண்டில ஏத்தி பிரேக்க நல்லா அமுத்திகிட்டு இருக்க சொல்லிட்டு மறுபடி ஆட்டுனேன். ஆட்டம் காணாம போச்சு. பிரேக் புடிச்சா பேடும் கெலிப்பரும் சேந்து டிஸ்க்க நக்கிள்லயே (ஹப்ப தாங்குற இரும்பு பாகம்) கவ்விருது, அப்ப ஹப்பு ஆட வழி இல்ல. போல் ஜொயின்ட் ஆட்டமா இருந்தா பிரேக் புடிச்சாலும் அப்படியே இருக்கும். பையன் கால எடுத்தான், டக். அமுத்துனான், ஒன்னுமில்ல. ஒரு ரூபா செலவில்லாத டெஸ்ட், இத மொத நாளே செஞ்சிருக்கணும்.

வீல கழட்டுனா பேடே சாட்சி சொல்லுச்சு, ஒரு பக்கம் தடிப்பா மறு பக்கம் மெலிசா ஆப்பு மாதிரி தேஞ்சிருந்துச்சு. டயர் வெளி ஓரமும் தடவி பாத்தா அலை அலையா இருந்துச்சு.

இனி தெறக்குற கத. பின் வீல் மட்டும் இழுக்குற வண்டின்னா தொப்பிய தட்டி எடுத்தா நட்டு தெரியும், இதுல ஹப் மாட்டுற அச்சு, ஸ்பிண்டில், நடுவுல குழாய் மாதிரி, அதுக்குள்ளால டிரைவ் ஷாஃப்ட் வருது, வெளிய முந்தின ஓனர் போட்ட கையால திருப்புற ஃப்ரீ வீல் ஹப் (முன் வீல ஷாஃப்ட்டோட சேக்குறதும் பிரிக்கிறதும் அதுதான்). கெலிப்பர கழட்டி கம்பில கட்டி தொங்க விட்டேன், பிரேக் குழாய்ல தொங்க விடாதீங்க. ஹப் மூடிய எடுத்து, ஷாஃப்ட் நுனில இருக்குற சேர்க்ளிப்பையும் (பூட்டு வளையம்) அதுக்கு கீழ இருக்குற ஷிம்மையும் (மெல்லிய தகட்டு வளையம்) எடுத்து ஒரு தட்டுல தனியா வச்சேன், ஏன்னா அந்த ஷிம் தடிப்பு அந்த பக்கத்துக்குன்னு அளந்து போட்டது, மாத்தி போட்டா ஷாஃப்ட் ஆட்டம் மாறிரும். ஃப்ரீ வீல் ஹப்போட கூட்டையும் எடுத்தா உள்ள லொக் வொஷர், அதுக்கு கீழ லொக் நட்.

வொஷர் நட்டோட ரெண்டு சின்ன ஸ்க்ரூல பூட்டி இருக்கணும். ஒரு ஸ்க்ரூவ காணோம். இன்னொன்னு தலை ஒடஞ்சு, பாதி உள்ள நிக்குது. நட்டு மேல உளி வச்சு அடிச்ச தழும்பு நாலஞ்சு. இந்த நட்டு சாதாரண சாவி புடிக்கிற மாதிரி ஆறு மொகம் உள்ளது இல்ல, வட்டமானது, அதுக்குன்னு தனி சாவி வேணும். அந்த சாவி இல்லாதவன் உளியும் சுத்தியலுமா தட்டி சுத்திருக்கான். யாருன்னு மாமாவுக்கும் ஞாபகம் இல்ல, எனக்கும் தெரிய வேணாம். அப்படி தட்டி எறுக்குறவனுக்கு எவ்வளவு எறுக்குனோம்னு ஒரு கணக்கும் இருக்காது, அது ஒன்னு. இன்னொன்னு, இடது வீல் முன்னுக்கு ஓடுறப்ப வெளிய நின்னு பாத்தா கடிகாரத்துக்கு எதிர்பக்கமா சுத்துது, இந்த நட்டு கழர்ற தெசையும் அதேதான். பூட்டு இல்லாத நட்டுக்கு வீலே ஓட ஓட கழட்டி விடுற வேலய செஞ்சிருக்கு.

நான் உளி எடுக்கல. ஹட்டன்ல லேத் பட்டறைல பழைய தண்ணி பைப் துண்டு ஒன்னுல நட்டு ஓட்டைக்கு ஏத்த மாதிரி ஊசிங்கள வெல்ட் பண்ணி, மறு பக்கம் ஒரு பெரிய நட்ட வச்சு ஒட்டி வாங்கினேன். கெரேஜ்ல இனி அது கெடக்கும், இந்த மாதிரி ஹப் வச்ச பஜேரோவும் நம்ம பக்கம் ஓடுது.

ஹப்ப இழுத்தேன். கிரீஸ் இருக்க வேண்டிய எடத்துல பால் ஊத்துன தேத்தண்ணி கலர்ல ஒரு கூழ். ஹப்புக்குள்ள வெளிய ஒன்னு உள்ள ஒன்னுன்னு ரெண்டு பேரிங், ரோலரோட இருக்குற பாகம் கோன், அது ஓடுற வளையம் கப். வெளி பேரிங்க மண்ணெண்ணெய்ல கழுவி வெளிச்சத்துல புடிச்சா ரோலருங்கள்ல கருப்பு புள்ளி, ஹப்புக்குள்ள இருக்குற கப்புல அம்மை விழுந்த மூஞ்சி மாதிரி குழி குழியா. வெரல் நகத்த அதுல ஓட்டுனா நகம் மாட்டுது. உள் பேரிங் பரவால்ல, ஆனா ஒரு எடத்துல நீலம் பாஞ்சிருந்துச்சு, அது சூடு தின்ன அடையாளம். ஒயில் சீல் ஒதடு காஞ்சு வெடிச்சிருந்துச்சு. ஸ்பிண்டில்ல கைய ஓட்டி பாத்தேன், மெல்லிய கீறல்தான், கோன் உக்கார்ற எடம் தேயல, அது மாமா செஞ்ச புண்ணியம். அது தேஞ்சிருந்தா நக்கிளே தேட வேண்டி வரும்.

தண்ணி எப்படி உள்ள போச்சுன்னு கேட்டேன், "நான் தண்ணில எல்லாம் எறக்கல"ன்னாரு. கொஞ்சம் கிண்டுனா, ரம்பொடை எறக்கம் முடிஞ்சு வழக்கமா ஒரு ஓடை பக்கம் நிப்பாட்டி டயருக்கு தண்ணி அடிப்பாராம், பிரேக் பொகையுதுன்னு. அதான். எறக்கத்துல பிரேக் சூடு ஹப்புக்கு ஏறி உள்ள இருக்குற காத்து விரிஞ்சு நிக்குது, சில்லுன்னு தண்ணி பட்டதும் காத்து சுருங்குது, சுருங்குற காத்து எதையாவது உள்ள இழுக்கணும், வெடிச்ச சீல் வழியா தண்ணிதான் போகும். நல்லா இருக்குற சீல் தாங்கும், கெழட்டு சீல் தாங்காது. எறக்கத்துல ரெண்டாம் கியர்லயே வந்தா பிரேக் இவ்வளவு பொகையாதுன்னும் சொன்னேன், லொறி ஓட்டுன மனுசனுக்கு நான் கியர் சொல்லி குடுக்குறதான்னு ஒரு பார்வ பாத்தாரு.

சாமான் தேடுறதுக்கு ரெண்டு நாள். 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டுனதுல இருந்து 2025ல மறுபடி தொறந்து விட்டது வரைக்கும் இருக்குற பழைய வண்டிங்களையே ஒட்டு போட்டு ஓட்டி பழகிட்டோம், அதனால டெலிக்கா சாமானுக்கு இன்னமும் ஆள் இருக்கு. வண்டி பேர சொல்லி கேட்டா ஒவ்வொரு கடைலயும் ஒவ்வொன்ன எடுத்து நீட்டுறான். பழைய கோன் மேலயும் கப் மேலயும் நம்பர் வெட்டி இருக்கும், அத தொடச்சு ஃபோட்டோ எடுத்து கொழும்பு பஞ்சிகாவத்தை சாமான் கடைக்கு அனுப்புனேன், அப்பதான் சரியான ஜோடி வந்துச்சு. மொத வந்த பெட்டில கோன் சரி, கப் வேற. கோன மட்டும் மாத்தி பழைய கப்ப விட்டுருவோம்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு. குழி விழுந்த கப்புல புது ரோலர ஓட விடுறது புது செருப்பு போட்டுகிட்டு சேத்துல எறங்குற கதைதான், திருப்பி அனுப்பிட்டேன்.

பழைய கப்ப பித்தளை கம்பி வச்சு உள்ள இருந்து மாத்தி மாத்தி நாலு பக்கமும் தட்டி எடுத்தேன், ஒரே பக்கம் தட்டுனா சாஞ்சு ஹப்ப கீறிரும். புது கப்ப பக்கத்து கடை ஐஸ்கிரீம் பெட்டில ராத்திரி முழுக்க வச்சுருந்தேன் (காலைல எடுக்க போனப்ப ஒரு சின்ன புள்ள அத வெறிச்சு பாத்துகிட்டு நின்னுச்சு), பழைய கப்புல ஒரு வெட்டு போட்டு அதையே மேல வச்சு தட்டுனேன், வெட்டு இருக்குறதால வேலை முடிஞ்சதும் அது கையோட வந்துருது. கப் கடைசி வரைக்கும் எறங்குனா சத்தம் மாறும், டங் டங்னு இருந்தது டொக்குன்னு கட்டியா கேக்கும். அது கேக்குற வரைக்கும் விடக் கூடாது.

கிரீஸ் சூடு தாங்குற லித்தியம் கிரீஸ், உள்ளங்கைல ஒரு உருண்ட வச்சு கோனோட அகல பக்கத்த அதுல குத்தி குத்தி, மேல் பக்கம் ரோலர் இடுக்குல புழு மாதிரி கிரீஸ் எட்டி பாக்குற வரைக்கும். ஹப்புக்குள்ள பொந்து முழுக்க அடைக்கல, அடைச்சா சூட்டுல வழிஞ்சு டிஸ்க்குக்கு வரும். சீல் ஒதட்டுலயும் ஒரு வெரல். நக்கிள் உள்ள ஷாஃப்ட்டுக்கு இருக்குற ஊசி பேரிங்குக்கும் கொஞ்சம், அத யாரும் ஞாபகம் வச்சுக்கிறதில்ல.

இப்பதான் முக்கியமான வேலை, எறுக்குறது. இந்த குடும்பத்து ஹப்புக்கு மேனுவல் சொல்ற கணக்கு: மொதல்ல 130க்கும் 200க்கும் நடுவுல நியூட்டன் மீட்டர்ல நல்லா எறுக்கி பேரிங்க உக்கார வைக்கணும், பெறகு சுத்தமா தளர்த்தணும், மறுபடி 25ல எறுக்கணும், அங்கருந்து 30 பாகை பின்னுக்கு விடணும். நம்மகிட்ட இருக்குற டொர்க் சாவி (எறுக்குற பலத்த காட்டுற சாவி) மேல சொல்ற நம்பரும் உள்ள நடக்குறதும் ரெண்டு வேற, நம்ப முடியாது. மாமா பக்கத்து தோட்டத்துல கேட்டு தேயிலை கொழுந்து நிறுக்குற தொங்கு தராசு ஒன்ன கொண்டாந்தாரு. அர மீட்டர் கம்பி நுனில தராச மாட்டி, கம்பிக்கு செங்குத்தா 30 கிலோ காட்டுற வரைக்கும் இழுத்தா 147 வருது, போதும். கால் மீட்டர்ல 10 கிலோ இழுத்தா 25க்கு பக்கத்துல. ஹப்ப பையன் சுத்திகிட்டே இருக்க நான் இழுத்தேன், சுத்தாம எறுக்குனா ரோலர் நேரா உக்காராது. 30 பாகைக்கு நட்டு மேல சோக்கட்டில கோடு போட்டுகிட்டேன், கடிகாரத்துல ஒரு மணி நேரத்து இடைவெளின்னு நெனச்சுக்கலாம்.

அடுத்தது ஹப் எவ்வளவு லேசா சுத்த ஆரம்பிக்குதுன்னு பாக்கணும். வீல் ஸ்டட்ல தராச மாட்டி இழுத்தா கிட்டத்தட்ட 0.4 கிலோல இருந்து 1.8 கிலோக்குள்ள ஹப்பு நகரணும். அதுக்கும் கொழுந்து தராசையே மாட்டுனேன், முள்ளு அசையவே இல்ல, ஹப்பு மட்டும் சுத்துது. 50 கிலோ நிறுக்குறதுக்கு ஒரு கிலோ எல்லாம் கணக்கே இல்ல. மீன் விக்கிற அண்ணே ஒருத்தர்கிட்ட சின்ன தராசு வாங்கி பாத்தோம், 1 கிலோவுக்கு பக்கத்துல நகர்ந்துச்சு. லேத் பட்டறைல இருந்து டயல் கேஜும் ஒரு மணி நேரத்துக்கு கடன் வாங்கினேன். ஹப்ப உள்ள தள்ளி வெளிய இழுத்தா 0.05 மில்லிக்கு மேல போகக் கூடாது, முள்ளு 0.03கிட்ட நின்னுச்சு. பையன் தராச மோந்து பாத்துட்டு "அண்ணே, ஹப்பு கெலவல்லா மீன் மாதிரி நாறும்"ன்னான்.

லொக் வொஷர் ஓட்டையும் நட்டு ஓட்டையும் மொதல்ல பொருந்தல. நட்ட பொருந்துற வரைக்கும் எறுக்கிறலாம்னு கை போகும். எறுக்கக் கூடாது, தளர்த்துற பக்கம்தான் கொஞ்சமா கொண்டு போகணும், அதுவும் 20 பாகைக்கு மேல இல்ல. நான் வொஷர பொரட்டி போட்டு பாத்தேன், பொருந்திருச்சு. ஒடஞ்ச ஸ்க்ரூ துண்ட துளை போட்டு எடுத்து புதுசா ரெண்டும் போட்டேன். எறுக்கமா போட்டா ஆட்டம் இருக்காதேன்னு சொல்றவங்களுக்கு, கழர்றதுக்கு முந்தி கணக்கில்லாம எறுக்குனதுல சூடு தின்னுருக்கும் அந்த நீலம் பாஞ்ச உள் கோன் இன்னும் நம்ம மேசைல இருக்கு, வந்து பாக்கலாம். லூசான பேரிங் சத்தம் போட்டு சொல்லும், எறுக்கமான பேரிங் மஸ்கெலியா ரோட்ல சொல்லாம புடிச்சுரும்.

வலப்பக்கமும் தெறந்து பாத்தேன். ஸ்க்ரூ ரெண்டும் இருந்துச்சு, ரோலரும் கப்பும் கண்ணாடி மாதிரி. ஜோடியாத்தான் மாத்தணும்னு ஒரு சாஸ்திரம் இருக்கு, நான் மாத்தல. நல்லா இருக்குற ஜப்பான் பேரிங்க கழட்டி எறிஞ்சுட்டு எங்கருந்து வந்ததுன்னு தெரியாத ஒன்ன போடுறதுல எனக்கு நம்பிக்க இல்ல. கழுவி, புது கிரீஸ், புது சீல், அதே கணக்குல எறுக்கி மூடிட்டேன். ஆப்பு மாதிரி தேஞ்ச பேட் செட்ட மட்டும் மாத்துனோம்.

ஓட்டி பாத்தப்ப உர்ரு சத்தம் போச்சு, 60 வரைக்கும் உதறல் இல்ல. டயர் அலை அலையா தேஞ்சதால ஒரு மெல்லிய முணுமுணுப்பு மிச்சம், அதுக்கு டயர பின்னுக்கு மாத்தி போட்டேன். ஒரு அஞ்சு கிலோமீட்டர் பிரேக்க அதிகம் தொடாம ஓட்டி நிப்பாட்டி ரெண்டு ஹப்பையும் கையால தொட்டேன், ரெண்டும் ஒரே வெதுவெதுப்பு. ஒரு பக்கம் மட்டும் கைய சுட்டா எறுக்கம் கூடிருச்சுன்னு அர்த்தம்.

500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கன்னு சொன்னேன், வந்தாரு. இடது பக்கத்துல ரொம்ப லேசா ஒரு ஆட்டம், கப் கடைசி மயிரிழை எறங்கி உக்காந்துருக்கும். மறுபடி தெறந்து, 25, 30 பாகை, மீன் தராசு, ஸ்க்ரூ. அதுக்கு பெறகு ரெண்டு தடவ ரம்பொடை எறங்கிருக்காரு, மொத மிதிலயே பெடல் நிக்குதாம், ஓடைல தண்ணி அடிக்கிறதும் இல்லயாம், அதுல எனக்கு பாதி நம்பிக்கதான்.

கூலி பேசுறப்ப மாமா டை ரொட் கணக்க எடுத்தாரு. சாமான் காசு சாமான் காசுதான், அந்த அலைன்மென்ட் காச மட்டும் கூலில கழிச்சுட்டேன். கொழுந்து தராச கிரீஸ் தொடச்சு ஒப்படைச்சாச்சு. சரியா காட்டுதான்னு தோட்டத்து கணக்கப்பிள்ளை 5 கிலோ அரிசி பேக்க தொங்க விட்டு பாத்துட்டுத்தான் உள்ள எடுத்து வச்சாரு.